நெல்லைப் போல நின்ற புல்

போன கிழமை நம்முடைய பழைய வகுப்புக் குழுவில் ஒருவர் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு போதகர், ஒலிவாங்கியை விழுங்கிவிடுவார் போலப் பிடித்துக்கொண்டு, "குரங்கு மனுசனா மாறினதை உங்களிலை ஆராவது கண்ணாலை கண்டிருக்கிறியளோ?" என்று கேட்கிறார். கூட்டம் "இல்லை" என்கிறது. "பூனைக்கு நாய்க்குட்டி பிறந்ததைக் கண்டிருக்கிறியளோ?" இன்னும் பலத்த "இல்லை". அதற்குக் கீழே நம்மவர்களில் பாதிப் பேர் கைதட்டல் படம் போட்டிருந்தார்கள். மீதிப் பாதி சிரிப்புப் படம். பிறகு வழக்கம்போலச் சண்டை. வவுனியாவில் இருப்பவர் கனடாவில் இருப்பவரைப் பார்த்து, நீ எப்போது விஞ்ஞானி ஆனாய் என்று கேட்க, அவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார். அறுபதைத் தாண்டியும் நமக்குப் புத்தி வரவில்லை.

நான் ஒன்றும் எழுதவில்லை. விரலால் தட்டி இரண்டு வரியில் முடிக்கிற விடயம் இல்லை அது. அதனால் இப்போது ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். குரங்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தபால் கந்தோரில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள் நான். ஆனால் ஒரு புல்லைப் பற்றித் தெரியும். அது மாறிப்போய் நின்றதை நான் கண்ணால் கண்டேன். எங்கள் குடும்பம் அந்தப் புல்லால்தான் இரண்டாகப் பிரிந்தது.

இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றத் திட்டம் ஒன்றில்தான் நான் பிறந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவும் பெரியப்பாவும் தென்மராட்சியிலிருந்து ஒரே லொறியில், சட்டிபானையோடு ஆனையிறவைக் கடந்து வந்தவர்கள். பக்கத்துப் பக்கத்துக் காணி கிடைத்தது. றோட்டுக் கரையில் பெரியப்பா வீடு. வீட்டுக்குப் பின்னால் அவருடைய வயல், மூன்று துண்டாக. வீட்டை ஒட்டிய முதல் துண்டு வந்த வருடமே காடு வெட்டித் திருத்தியது. நடுத்துண்டு அதற்குச் சில வருடம் பிந்தியது. கடைசித் துண்டு நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு வெட்டியது. அந்தக் காடு எரிந்த மணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடைசித் துண்டுக்கு அப்பால் ஒரு வரம்பு. வரம்புக்கு அங்கால் எங்கள் வயல், அதற்கும் அங்கால் எங்கள் வீடு. இந்த ஒழுங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எங்கள் காணியில் கிணறு வெட்டியபோது உவர்த் தண்ணீர்தான் வந்தது. அதனால் குடிக்கவும் சமைக்கவும் பெரியப்பா வீட்டுக் கிணறுதான். அம்மா பின்னேரம் குடத்தோடு அந்த வரம்புகளால் நடந்து போவார். நான் முன்னால் ஓடுவேன். மழைக்காலத்தில் வரம்பு சறுக்கும், நெல் இரண்டு பக்கமும் இடுப்புவரை நிற்கும், சேற்றின் மணமும் பெரியம்மாவின் குசினியிலிருந்து வரும் வறுத்த மல்லியின் மணமும் ஒன்றாகச் சேர்ந்து வரும். அந்த மணத்தை இப்போது எங்கே போய்த் தேடுவது? ஊர் இருக்கிறது, குளம் இருக்கிறது, நெல்லும் விளைகிறது. அந்த வரம்பால் ஓடினால் போய்ச் சேருகிற வீடுதான் இல்லை.

அந்த வீட்டில் எனக்குப் பெரிய ஆசை அக்கா. பெரியப்பாவின் ஒரே மகள். உயர்தரத்தில் விலங்கியலும் தாவரவியலும் படித்துக்கொண்டிருந்தாள். இரட்டைப் பின்னலை ஒன்றாகச் சேர்த்து ரிபனால் கட்டிக்கொண்டு, சைக்கிளில் கால் எட்டாமல் பாருக்கு மேலால் எழும்பி எழும்பி மிதிப்பாள். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும்போது படித்ததை எல்லாம் பாட்டாகப் பாடுவாள். எனக்கு ஒன்றும் விளங்காது, ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

பெரியப்பா வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, மாறியவர். ஏன் மாறினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அவரைப் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள். பெரியம்மா ஒருமுறை காய்ச்சலில் கிடந்து பிழைக்கமாட்டார் என்ற நிலைக்குப் போனார். சாவகச்சேரிப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. போதகர் ஒருவர் மட்டும் மழைக்குள் சைக்கிள் உருட்டிக்கொண்டு தினமும் வந்து கட்டிலருகே இருந்தார். பெரியம்மா எழும்பினார். செபத்தால் எழும்பினார் என்றார் பெரியப்பா. அம்மனுக்கு நான் வைத்த நேர்த்தியால் எழும்பினார் என்றார் அப்பா. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டொக்டரின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா வீட்டு முற்றத்தில் சாக்கு விரித்துக் கூட்டம் நடக்கும். நானும் போவேன். ஆறு நாளில் உலகம் உண்டான கதையைப் பெரியப்பா பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரிச் சொல்லுவார். மூன்றாம் நாள் புல், பூண்டு, மரம், எல்லாம் தன் தன் இனத்தின்படி. நான்காம் நாள் சூரியன்.

"ஐயா, வெய்யில் இல்லாமல் நெல்லு எப்பிடி வளர்ந்தது?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள். அவள் தன் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஒருநாள்தானே மோனை, தாங்கும்" என்றார் பெரியப்பா. கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தக் காலத்தில் அவருக்குக் கேள்வி பிடிக்கும்.

இனி அந்தப் புல்லுக்கு வருகிறேன். கோழிச்சூடன். கமக்காரப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நெல்லோடு சேர்ந்து முளைத்து நெல்லின் பசளையையெல்லாம் தின்றுவிடும் களை. சாதாரணமாகப் பார்த்தவுடனேயே தெரியும். அடி சிவந்திருக்கும், முழங்கால் மடித்த மாதிரி வளைந்து, காலை அகட்டிக்கொண்டு சேற்றில் படர்ந்து கிடக்கும். சந்தேகம் வந்தால் இலை தண்டோடு சேருகிற இடத்தை விரித்துப் பார்க்க வேண்டும். நெல்லுக்கு அந்த இடத்தில் மெல்லிய நாக்குப் போல ஒரு சவ்வு இருக்கும். கோழிச்சூடனுக்கு அது இல்லை.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் களை பிடுங்கும் விதத்தைப் பார்த்தால் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொல்லமாட்டீர்கள். பெரியப்பா வீட்டில் களை பிடுங்குவது ஒரு வழிபாடு மாதிரி. குடும்பமே விடியற்காலையில் இறங்கும். பாட்டுப் பாடிக்கொண்டு வரிசையாகப் போவார்கள். அட்டை கடித்தால் சுண்ணாம்பு வைத்துவிட்டு மறுபடி குனிவார்கள். பெரியப்பா வரம்பில் நின்று கண்ணை இடுக்கிக்கொண்டு, "அந்தா, சிவப்பு. அந்தா, படுத்துக் கிடக்கு, பிடுங்கு" என்று காட்டுவார். ஒரு போகத்துக்கு மூன்று தரம். எங்கள் வீட்டில் அம்மா இரண்டு பெண்களைக் கூப்பிட்டு ஒரு நாள் பிடுங்குவார். அப்பா சந்தியில் கடதாசிச் சீட்டு விளையாடிவிட்டு வந்து, வயலைப் பார்த்து, "காணும், அதுவும் ஒரு சீவன்தானே" என்பார்.

அப்பாவின் வாய் சும்மா இராது. பிரிவு வந்த வருடத்துக்கு முந்தின சூடடிப்பில், நெல்லடிக்கும் களத்தில் எல்லாரும் கூடியிருந்தபோது பெரியப்பாவைப் பகிடி பண்ணினார். "அண்ணை, உங்கடை சபையும் கோழிச்சூடன் மாதிரித்தான். ஒண்டு விழுந்தால் ஊர் முழுக்க முளைக்கும். இருங்கோ, ஒருநாளைக்கு உங்கடை வயலுக்கை ஒரு கடகம் தூவி விடுறன், எல்லாத்துக்கும் ஞானஸ்நானம் குடுங்கோ." களமே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்துக்கொண்டு அப்பாவின் தலையில் வைக்கோலால் அடித்தார். ஒரு வருடம் போவதற்குள் அந்தப் பகிடி சாட்சியாக மாறிவிட்டது.

அந்தக் காலபோகத்தில், மாரி விதைப்பில், நல்ல மழை. நெல் கதிர் தள்ளுகிற நேரம் பெரியப்பா தன் வயலைப் பார்க்கப் போனவர், முதல் துண்டின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார். மூன்று தரம் கையால் பிடுங்கிச் சுத்தமாக வைத்திருந்த வயலில், நெற்கதிரோடு கதிராகக் கோழிச்சூடன் கதிர் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. முந்தின போகங்களைப் போல ஒன்றிரண்டு இல்லை, பாயாக நின்றது. அதைவிட அதிசயம், அது கோழிச்சூடன் மாதிரியே இல்லை. அடி சிவக்கவில்லை. படரவில்லை. நெல் நிற்கிற உயரத்தில், நெல்லின் பச்சையில், நேராக நின்றது. கதிர் தள்ளும் வரைக்கும் அது பெரியப்பாவின் கண்ணுக்கு நெல்லாகவே இருந்திருக்கிறது.

எங்கள் வயலில் கோழிச்சூடன் வழக்கம்போலக் காலை அகட்டிக்கொண்டு, சிவப்பாக, வெட்கமில்லாமல் கிடந்தது.

அந்த ஞாயிறு போதகர் வந்தபோது பெரியப்பா அந்தப் புல்லைப் பிடுங்கி வந்து காட்டினார். போதகர் நல்ல மனிதர், எனக்கு எப்போதும் பொக்கற்றில் இனிப்பு வைத்திருப்பார். நல்ல விதைக்குள் சத்துரு இரவில் வந்து களை விதைத்துவிட்டுப் போன வேதக் கதையை நினைவுபடுத்தினார். ஆறுதலுக்குத்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன்.

அக்கா விடவில்லை. "போதகர் ஐயா, களையையும் அந்த ஆறு நாளுக்குள்ளை படைச்சதோ?"

"இல்லைப் பிள்ளை. மனுசன் பாவம் செய்த பிறகுதான் முள்ளும் களையும் வந்தது."

"அப்ப படைச்சு முடிஞ்ச பிறகும் புதுசா வந்திருக்குத்தானே?"

போதகர் சிரித்தார். "இவவை வக்கீலுக்குப் படிக்க வையுங்கோ" என்றார். பெரியப்பா சிரிக்கவில்லை. அவர் வேறு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கணக்கை நான் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். புல் தன் இனத்தை விட்டு மாறாது. தன் வயலில் இருந்த இனம் சிவந்து படர்கிற இனம். இது வேறு. அப்படியானால் இது புதிதாக வந்தது. தானாக வராது, ஒருவன் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். போடுவேன் என்று ஊருக்கு முன்னால் சொன்னவன் ஒருவன்தான். முதல் வரியை ஒத்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகச் சரியாக வந்து விழுகிறது.

அப்பா வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தார். நான் கரையில் அவருடைய சவர்க்காரப் பெட்டியை வைத்துக்கொண்டு இருந்தேன். பெரியப்பா கை நிறையப் புல்லோடு வந்து நின்றார்.

"தம்பி, உனக்கு நான் என்ன குறை விட்டனான்?"

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டார். "அண்ணை, நான் என்ரை வயலுக்கே ஒழுங்கா விதைக்கிறேல்லை. உங்கடை வயலுக்கு வந்து விதைப்பனே?"

"பகிடியை விடு. களத்திலை எல்லாருக்கும் முன்னாலை சொன்னனியோ இல்லையோ?"

"சொன்னனான். பகிடிக்குச் சொன்னனான்."

"நான் வேதத்துக்குப் போனது உனக்குப் பிடிக்கேல்லை. அதை நேரை சொல்லியிருக்கலாம். சோத்திலை கை வைச்சிட்டாய்."

அப்பாவின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. நனைந்த தலையோடு பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றவர், சவர்க்காரத்தைக்கூட வாங்காமல் வீட்டுக்கு நடந்தார். அடுத்த நாள் பெரியப்பா முட்செடி வெட்டி, எல்லை வரம்பின் மேல் வேலி போட்டார். அம்மா அன்றிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக் கிணற்றுக்கு, வெயிலில், தூரத்துக்கு நடக்கத் தொடங்கினார்.

நான் அழுதேன். எனக்குப் புல்லும் தெரியாது, வேதமும் தெரியாது. அக்காவின் சைக்கிள் எங்கள் வாசலில் மணி அடிக்காமல் போனது மட்டும் தெரியும். அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லைப் போலும். அப்பா இல்லாத நேரம் பார்த்து, "வாய்க்கால் கரையாலை ஓடு, நான் காணேல்லை" என்பார். நான் ஓடுவேன். பெரியம்மா ஒன்றும் கேட்காமல் பனங்கட்டித் துண்டோடு தேத்தண்ணி தருவார். பெரியப்பா என் தலையைத் தடவிவிட்டு எழும்பிப் போய்விடுவார்.

அக்காவுக்குக் கோபமும் வெட்கமும். சித்தப்பா அப்படிச் செய்யக்கூடிய ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும், அதை எப்படிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அடுத்து வந்த கோடைச் சிறுபோகம் விதைத்த நாளில் குசினிக்குப் பின்னால் பால்மாத் தகரப் பேணிகளை வரிசையாக வைத்து, ஒரே மண் போட்டு, ஒன்றுவிட்ட ஒன்றில் எங்கள் வயல் கோழிச்சூடனையும் அவர்கள் முதல் துண்டுக் கோழிச்சூடனையும் விதைத்தாள். மண்ணினால் வந்த மாற்றமோ என்று பார்க்கத்தான். ஒரே தண்ணீர், ஒரே வெயில். மாதம் ஒன்று போக, எங்களுடையது பேணிக்கு வெளியே காலை நீட்டியது. அவர்களுடையது நேராக நின்றது.

அவள் ஓடிப்போய்ப் பெரியப்பாவைக் கூட்டி வந்தாள். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "நான் சொன்னதுதானே? ரெண்டும் ரெண்டு இனம். அப்ப இந்த ரெண்டாவது இனத்தை ஆர் கொண்டுவந்தது?"

பாவம் அக்கா. ஒரு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த சாட்சி அவளுக்கு எதிராகவே திரும்பிவிட்டது. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை என்று பெரியம்மா சொன்னார்.

பிறகு எப்படி அது அவளுக்குத் தோன்றியது என்று தெரியாது. களை பிடுங்கத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு காலையில், பெரியப்பாவைக் கையைப் பிடித்து வயலுக்குள் இழுத்துக்கொண்டு வந்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் வரம்பில் குந்தியிருந்தேன்.

அக்கா முதலில் முள்ளுக்கு மேலால் கையை விட்டு எங்கள் வயலில் ஒரு கோழிச்சூடனைப் பிடுங்கி வரம்பில் வைத்தாள். "மற்றதை நீங்களே பிடுங்குங்கோ ஐயா. நான் பிடுங்கினால் தெரிஞ்சு பிடுங்கினனான் எண்டுவியள்." பெரியப்பா கடைசித் துண்டில் ஒரு பிடி பிடுங்கினார். பிறகு நடுத்துண்டில். பிறகு வீட்டை ஒட்டிய முதல் துண்டில், ஒவ்வொரு தாளாக விரித்து நாக்கு இருக்கிறதோ என்று பார்த்துப் பார்த்து. எல்லாவற்றையும் கொண்டுவந்து அக்கா வரிசையாகப் பரப்பினாள்.

எங்களுடையது சிவந்து வளைந்து கிடந்தது. கடைசித் துண்டில் பிடுங்கியவற்றில் அநேகம் அப்படித்தான், ஒன்றிரண்டு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்திருந்தன. நடுத்துண்டில் பாதிக்குப் பாதி. முதல் துண்டில் எல்லாமே நெல்லைப் போல நேராக, பச்சையாக.

"சித்தப்பா வரம்புக்கு அங்காலை இருந்து எறிஞ்சிருந்தால், இந்தக் கடைசித் துண்டிலைதானே கூட நிண்டிருக்க வேணும்? தண்ணியும் எங்கடை பக்கத்தாலை அவையின்ரை பக்கம்தான் ஓடுது, திரும்பி வராது. எங்கடை குசினி வாசலிலைதான் கூட நிக்குது ஐயா."

பெரியப்பா வரிசையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பார்த்தார். "வரவர நிமிருது" என்றார் மெல்ல. "ஆர் நிமித்தினது?"

"நீங்கள்தான்."

"நானோ? நான் பிடுங்கினனான்."

"ஓம். படுத்துக் கிடந்ததைப் பிடுங்கினியள். சிவப்பைப் பிடுங்கினியள். கொஞ்சம் நெல்லு மாதிரி நிண்டதை நெல்லெண்டு விட்டியள். அதுதான் விதை கொட்டினது. அடுத்த போகம் அதின்ரை பிள்ளையளிலையும் அப்பிடித்தான். முதல் துண்டிலை கனகாலமாப் பிடுங்குறியள், அதாலை அங்கை முழுக்க மாறிப்போச்சு. கடைசித் துண்டிலை இப்பதான் தொடங்கியிருக்கு. சித்தப்பா பிடுங்குறதே இல்லை, அங்கை அது அப்பிடியே கிடக்கு."

"நான் வேணுமெண்டு செய்யேல்லையே?"

"ஒருத்தரும் வேணுமெண்டு செய்யேல்லை ஐயா. அதைத்தான் நான் சொல்லுறன்."

பெரியப்பாவின் முகம் கறுத்தது. "பள்ளிக்கூடத்திலை இதைத்தானே படிப்பிக்கினம், ஆண்டவர் இல்லையெண்டு."

"நான் ஆண்டவரைப் பற்றிக் கதைக்கேல்லை" என்றாள் அக்கா. குரல் உடைந்துவிட்டது. "நான் சித்தப்பாவைப் பற்றிக் கதைக்கிறன்."

பெரியப்பா வரம்பில் கிடந்த புல்லை மிதிக்காமல் கவனமாகத் தாண்டிப் போனார். அக்கா அங்கேயே குந்தியிருந்து அழுதாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் முள்.

இதே கதை உலகத்தில் நெல் விளைகிற வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது என்று வெகு காலத்துக்குப் பிறகு வாசித்தேன். மனிதர் கண்ணால் பார்த்துக் களை பிடுங்கிய இடங்களில் களை நெல்லின் வேடம் போட்டுக்கொண்டது. யாரும் வேடம் கட்டிவிடவில்லை. இருந்த புல்லில் கொஞ்சம் நிமிர்ந்தது, கொஞ்சம் பச்சையாய் இருந்தது மிஞ்சியது, அவ்வளவுதான். காணொளியில் கேட்கிறாரே, கண்ணால் கண்டீர்களா என்று, அந்தக் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் இது. எங்கள் பெரியப்பா குசினி வாசலில் நின்றே கண்டார். கண்டும் அதை ஒரு ஆள் செய்ததாகத்தான் அவருக்குத் தெரிந்தது.

ஆனால் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதற்கடுத்து நடந்ததைக் கேளுங்கள்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குசினிக் கதவால் வயல் தெரியும். எங்கள் வயலின் நடுவில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்தபடி பெரியப்பா நின்றார். எல்லை வேலியில் ஒரு முட்கொப்பு விலக்கி வைக்கப்பட்டிருந்தது.

அப்பா எச்சில் கையோடு எழும்பி ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

"என்ன விதைக்கிறியள்?" என்று அப்பா கத்தினார். "பழிக்குப் பழியோ? என்ரை வயலிலை என்னத்தைப் போட வந்தனீங்கள்?"

பெரியப்பா நிமிர்ந்தார். கையில் வேரோடு ஒரு பிடி கோழிச்சூடன், சிவந்த அடி. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, வந்த வழியாலேயே போய், முட்கொப்பைத் திரும்ப இழுத்து மூடினார்.

வாய்க்காலில் பெரியப்பாவின் சந்தேகத்தைக் கேட்டுச் சிரித்த என் அப்பா, பெரியப்பா நின்ற இடத்து மண்ணை அன்று பின்னேரம் மண்வெட்டியால் ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி வெளியே எறிந்தார். அந்தப் போகம் முழுக்க அந்தப் பக்கம் முளைத்த ஒவ்வொரு புல்லையும் சந்தேகத்தோடு பார்த்தார். நேராக நின்ற ஒன்றைக் கண்டுபிடித்து, "பாத்தியோ, அண்ணை போட்டது" என்று சந்தியில் கொண்டுபோய்க் காட்டினார். கோவிலுக்குப் போகிறவருக்கும் சபைக்குப் போகிறவருக்கும் அந்த விடயத்தில் ஒரே தலைதான். ஒன்று நடந்துவிட்டால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் வேண்டும். நானும் அப்போது அப்பா சொன்னதைத்தான் நம்பினேன்.

அந்த வருடக் கடைசியில் பெரியப்பா காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, சபைக்காரர் இருந்த புதுக்குடியிருப்புப் பக்கம் போய்விட்டார். லொறி புறப்பட்டபோது நான் வாய்க்கால் கரையில் நின்றேன். அக்கா சைக்கிளைப் பிடித்தபடி பின்னால் இருந்தாள். கை காட்டினாளோ இல்லையோ, தூசியில் தெரியவில்லை. பிறகு வந்த யுத்தமும் ஓட்டமும் உங்களுக்கும் வந்ததுதான். ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் மூட்டை கட்டினோம். பெரியப்பா ஒரு இடப்பெயர்வில் கூடாரத்தில் காய்ச்சலில் செத்தார் என்று ஒரு மாதம் கழித்துத்தான் கேள்விப்பட்டோம். அப்பா அன்று முகம் கழுவ வாய்க்காலுக்குப் போய், இருட்டும் வரை வரவில்லை. அண்ணனும் தம்பியும் அந்த மத்தியானத்துக்குப் பிறகு ஒரு சொல்லும் பேசியதில்லை.

போன வருடம் புதுக்குடியிருப்பில் ஒரு கலியாண வீட்டில் அக்காவைக் கண்டேன். தலை முழுக்க வெள்ளை. படிப்பித்து ஓய்வு பெற்றிருக்கிறாள். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பந்தி முடிந்து எல்லாரும் எழும்பிய பிறகும் நாங்கள் இரண்டு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தோம். அப்போதுதான் அந்த மத்தியானத்தைப் பற்றிக் கேட்டேன்.

"எடி, ஐயா அண்டைக்கு சண்டைக்கு வரேல்லை" என்றாள் அக்கா. "நான் சொன்னது அவருக்கு இரவு பகலா நித்திரை இல்லாமல் ஆக்கிப்போட்டுது. சித்தப்பாவின்ரை வயலிலை நான் ஒண்டைத்தானே பிடுங்கிக் காட்டினனான். உள்ளை முழுக்க அப்பிடித்தானோ எண்டு தன்ரை கண்ணாலை பாக்கப் போனவர். போகேக்கை அம்மாட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போனவர். 'சோத்தைப் போட்டு வை, தம்பியைக் கூட்டிக்கொண்டு வாறன்' எண்டு."

"பிறகேன் சொல்லேல்லை? அப்பா கத்தினபோது சொல்லியிருக்கலாமே?"

"கையிலை புல்லோடை கள்ளன் மாதிரி நிண்டிட்டன், என்ன சொன்னாலும் நம்பியிருக்கமாட்டான் எண்டு அம்மாட்டைச் சொன்னவர். தான் நம்பேல்லைத்தானே, அவன் ஏன் நம்ப வேணும் எண்டும் சொன்னவர். அம்மா ரெண்டு கோப்பையிலை சோறு போட்டு மூடி வைச்சிருந்தவா. ஒண்டை எடுத்து எனக்குத் தந்தவா. நான் எப்பிடியடி அதைச் சாப்பிடுறது?"

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். அப்பா என்னோடுதான் இருக்கிறார். தொண்ணூறைத் தொடுகிறார், காது மந்தம், மற்றபடி நினைவெல்லாம் தெளிவு. இந்த வயதில் அவருக்கு இதைச் சொல்வது நல்லதோ கெட்டதோ என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது அவருடையது. அவருக்கு வரவேண்டிய ஒன்றை நான் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று பட்டது.

பின்னேரம் சாய்மனைக் கதிரையில் இருந்தவருக்குப் பக்கத்தில் போய், காதுக்குள் சொன்னேன். முதல் தரம் விளங்கவில்லை. இரண்டாம் தரம் உரக்கச் சொன்னேன். பெரியப்பா சோறு போட்டு வைக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்தார் என்பதை மூன்றாம் தரமும் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா றோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வைத்த தேத்தண்ணி ஆடை படிந்து ஆறிப்போனது. எழும்பிப் போவோமா என்று நான் நினைத்தபோது மெல்லக் கேட்டார்.

"எனக்கும் சோறு போட்டவவோ?"

"ஓம் அப்பா. கோப்பையிலை போட்டு மூடி வைச்சவவாம்."

கொஞ்ச நேரம் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கறியாம்?"

"தெரியாது அப்பா. நான் கேக்கேல்லை."

"கேட்டுச் சொல்லு" என்றார்.